மாமை

நுழையும்முன்

காலந்தோறும் சொற்களின் பொருள் மாறுவதை முந்தைய பாடங்களில் கண்டோம். சொல்லும் பொருளும் அப்படியே இருக்க, அச்சொல்லை மதிக்கும் மனம் மட்டும் மாறிவிடுவதும் உண்டு. அத்தகைய ஒரு சொல்லைப் பற்றியது இப்பாடம். தில்லியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தம் வகுப்பறை நினைவாக எழுதியது.

“அச்சுப்பிழையா, டீச்சர்?”

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அகராதியை இரு கைகளிலும் ஏந்தியபடி என் மேசைக்கு வந்து இவ்வாறு கேட்டாள். தை மாதத்துக் குளிர். சன்னல்களை அடைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவள் விரல் சுட்டிய இடத்தில் ‘மாமை’ என்னும் சொல் இருந்தது. அழகு என்பது அதன் ஒரு பொருள். கருமை என்பது இன்னொரு பொருள். ஒரே சொல்லுக்கு இவ்விரண்டும் எவ்வாறு பொருளாக இயலும் என்பதே அவளுடைய ஐயம்.

“பிழை இல்லை அம்மா, இரண்டும் சரிதான்” என்றேன்.

அவள் நம்பவில்லை. அகராதியை மூடாமல், அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே தன் இருக்கைக்குத் திரும்பினாள். வகுப்பில் நிழற்படம் எடுக்கும் நாள்தோறும் கடைசி வரிசையில், உயரமான ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் சென்று நிற்பவள் அவள். விளையாட்டு மைதானத்தில் அவளை ‘காலீ’ என்று அழைக்கும் குரல்களை நானும் கேட்டிருக்கிறேன். கண்டித்துமிருக்கிறேன். கண்டித்தவுடன் குரல் அடங்கும். மறுவாரம் மீண்டும் எழும். அவளுக்குத் தெரிந்த உலகில் கருமையும் அழகும் ஒரே வரியில் இடம்பெற வாய்ப்பே இல்லை. ஆகவே அகராதியில்தான் பிழை இருக்கவேண்டும் என்று அவள் கருதியதில் வியப்பென்ன?

அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அந்த ஒரு சொல்லையே பாடமாக்கிக்கொண்டோம்.

பாலும் பசலையும்

சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் தலைவியின் மேனிநிறத்தைக் குறிக்கப் பலமுறை வரும் சொல் மாமை. உரையாசிரியர்கள் இதற்கு மாந்தளிரின் நிறம் என்று விளக்கம் கூறுவர். வடபுலத்திலும் மாமரங்கள் உள்ளன. பங்குனி, சித்திரையில் அவற்றின் தளிரைப் பாருங்கள். பச்சை நிறம் ஏறுவதற்கு முன் செம்மையும் கருமையும் கலந்து, எண்ணெய் பூசியதுபோல் மின்னும். அந்த மினுமினுப்பான கருஞ்செம்மையே மாமை. தலைவியின் மாமை கண்டு தோழியர் மகிழ்ந்தனர், தலைவன் மயங்கினான்.

அந்த நிறத்துக்கு ஒரு பகை உண்டு. அதன் பெயர் பசலை. தலைவன் பிரிந்து சென்ற துயரத்தில் தலைவியின் மேனி வெளிறிப் போகும். நெற்றியில் தொடங்கி, தோளில் இறங்கி, உடலெங்கும் படரும் அந்த வெளுப்பு நோயாகக் கருதப்பட்டது. ஊரார் அதைக் கண்டு பழி தூற்றினர், தாய் அஞ்சினாள். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என்று 119ஆம் அதிகாரமே இதற்கென அமைந்துள்ளது. பத்துக் குறட்பாக்களிலும் தலைவியின் முறையீடு ஒன்றே: என் நிறம் வெளுக்கிறதே!

இதைச் சொன்னபோது வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. வெளுப்பதற்காகக் காசு கொடுக்கும் காலத்தில் வாழ்பவர்களுக்கு, வெளுத்துவிட்டதே என்று ஒருத்தி அழுவது வேடிக்கையாகத்தானே இருக்கும்!

குறுந்தொகையில் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற்புலவர் பாடிய செய்யுள் ஒன்றில், தலைவி தன் மாமைக்கவின் பசலைக்கு இரையாகிப் போவதை எண்ணி வருந்துகிறாள். யாருக்கும் பயன்படாமல் மண்ணில் சிந்தும் பாலை அவள் உவமையாகக் காட்டுகிறாள். கறுத்த மேனியின் அழகுக்கு வெண்மையான பாலை உவமை கூறியிருப்பதைப் பாருங்கள். அங்கே ஒப்பு நிறத்தில் இல்லை, அருமையில்தான் உள்ளது. நிறத்தைக் கண்டு கூச்சம் கொள்ளாத மனத்துக்கே இப்படி ஓர் உவமை தோன்றும் என்பது என் எண்ணம்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பழந்தமிழர் கருமையை மட்டுமே போற்றினர் என்று கூறிவிட முடியாது. பொன்னிற மேனியும் பாடப்பட்டுள்ளது. நீண்ட கூந்தல், ஒளிரும் பற்கள், மெல்லிய இடை என்று அக்காலப் புலவர்களும் பெண்ணின் உடலுக்கு ஓர் அளவுகோலை வைத்திருந்தார்கள். அந்த அளவுகோலுக்குள் அடங்காத பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதற்குப் பாடல்களில் விடை இல்லை. எனவே பண்டைக்காலத்தைப் பொற்காலமாக்கி மகிழ்வதற்காக இதைக் கூறவில்லை. ‘கறுப்பு அழகன்று’ என்பது இயற்கை விதியாக எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது, அதற்காகத்தான் கூறினேன்.

மொழியின் பிற பக்கங்களையும் புரட்டிப் பார்த்தோம். மழைக்காலம் நமக்குக் கார்காலம். வானம் கறுத்தால்தான் நிலம் பிழைக்கும். திருமால் மாயோன் எனப்பட்டான். அப்பெயரே கரியவன் என்று பொருள்படும். கண்ணனைக் கார்வண்ணன் என்கிறோம். பாரதக்கதையின் பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர். அதற்கும் கரியவள் என்பதே பொருள். இந்தச் செய்தியைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “ஆனால் டீவியில் திரௌபதி வெள்ளையாக இருக்கிறாளே?” என்றான். அது நல்ல கேள்வி. அதற்கு நான் விடை கூறவில்லை. எல்லோரும் சற்று நேரம் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘இருந்தாலும்’

கோடை விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்வீர்கள். இரண்டு இரவு தொடர்வண்டியில் பயணம் செய்து, தாத்தா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது உங்களை வரவேற்கும் முதல் வாக்கியம் எது? நான் கேட்டதும் வகுப்பில் பாதிப்பேர் ஒரே குரலில் கூறினர்:

“என்னடி, இப்படிக் கறுத்துப் போயிட்டே!”

மீதிப்பேருக்குக் கிடைத்தது வேறு: “என்ன இப்படி இளைச்சிட்டே?” அல்லது “என்ன இப்படிக் குண்டாயிட்டே?” ஆண்பிள்ளைகளிடம் மதிப்பெண்ணையும் உயரத்தையும் கேட்பார்களாம், பெண்பிள்ளைகளிடம் நிறத்தையும் பருமனையும் கேட்பார்களாம். அத்தையோ சித்தியோ பாட்டியோ தீய எண்ணத்தோடு இதைச் சொல்வதில்லை. அவர்கள் அறிந்த அன்புமொழி அது. மறுநாளே கடலைமாவும் மஞ்சளும் பாலாடையும் குழைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். தில்லியில் ‘மதராசி, காலீ’ என்று கேட்டவள், இதெல்லாம் நம் ஊரில் இராது என்ற நம்பிக்கையோடு சென்று இறங்கும் வாசலிலும் அதே சொல் காத்திருக்கிறது. இதை என் மாணவி தனியே என்னிடம் சொன்னாள். “அங்கேயும் நான் கறுப்புதான் டீச்சர்” என்றாள்.

அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.” பாராட்டைப்போல் ஒலிக்கும் இத்தொடரை இலக்கணக் கண்கொண்டு நோக்குங்கள். ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையாளன்’, ‘மழை பெய்தாலும் போவேன்’ என்பன போன்றவற்றில் ‘ஆலும்’ என்னும் ஈறு ஒரு தடையைச் சுட்டுகிறது. முன்னது பின்னதற்கு இடையூறு. அவ்விடையூறு இருந்தும் பின்னது நிகழ்கிறது. எனவே ‘கறுப்பாக இருந்தாலும்’ என்றவுடனேயே கருமை களைக்கு இடையூறு என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஈறு சொல்லிவிடுகிறது. ‘கறுப்பாகவும் களையாகவும் இருக்கிறாள்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ‘உம்’களும் இப்போது சமமாக நிற்கின்றன.

“கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்பவர் பெரும்பாலும் யாரையேனும் தேற்றுவதற்காகவே சொல்கிறார். “காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு” என்னும் பழமொழியும் தாயின் அன்பைப் பேசுவதுபோல் தோன்றினாலும், காக்கைக்குஞ்சு உண்மையில் பொன் அன்று என்ற எண்ணத்தின் மீதே நிற்கிறது. நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் இதை அன்புக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்து வந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மணமகள் தேவை விளம்பரங்களில் இன்றும் ‘மாநிறம்’ என்னும் சொல்லைக் காணலாம். சங்கத் தலைவியின் பெருமையைச் சொன்ன அதே ‘மா’, இன்று ‘சிவப்பு’ என்று எழுத முடியாதவர்கள் எழுதும் சமாதானச் சொல்லாகிவிட்டது. இந்தி விளம்பரங்களில் இதற்கு ஈடாக ‘கெஹுஆ’, அதாவது கோதுமைநிறம், என்று போடுவார்கள். தளிரானாலும் தானியமானாலும் பேசப்படுவது ஒரே அச்சம்தான்.

குழாயில் அடைத்த வெண்மை

நிறம் பற்றிய ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? ஒரே காரணம் கூற இயலாது. வெயிலில் உழைப்பவர் கறுப்பர், நிழலில் அமர்ந்திருப்பவர் வெளுப்பர் என்னும் எண்ணம் பல நாடுகளில் உண்டு. சாதியும் அதனோடு சேர்ந்துகொண்டது. வெள்ளையர் ஆட்சி அதற்கு அரசாங்க முத்திரை இட்டது. அதன்பின் வணிகம் வந்தது.

1975ஆம் ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. இதன் தொலைக்காட்சி விளம்பரங்களை உங்கள் அம்மாக்கள் நன்கு அறிவர். சோர்ந்த முகத்தோடு ஒரு பெண் தோன்றுவாள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்பர். அல்லது வேலை கிடைக்காது. களிம்பைப் பூசுவாள். முகங்கள் வரிசையாக நின்று, இடமிருந்து வலமாகக் கருமை குறைந்துகொண்டே வரும். கடைசி முகத்தில் புன்னகை, கையில் வேலை. 2005இல் ஆண்களுக்கென்றே தனிக் களிம்பும் சந்தைக்கு வந்துவிட்டது. திரைநட்சத்திரங்கள் பலர் இவற்றுக்கு நடித்துக் கொடுத்தனர்.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 2009இல் சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ என்னும் அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக விளங்கினார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. கறுத்த நிறமுடையோரை அழகற்றவர்களாகவோ, மகிழ்ச்சியற்றவர்களாகவோ, வாழ்க்கையில் தோற்பவர்களாகவோ விளம்பரங்களில் காட்டலாகாது என்றது அது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ நீங்கி ‘குளோ’ ஆயிற்று. அதே ஆண்டில் புகழ்பெற்ற திருமணத் தகவல் இணையதளம் ஒன்று, நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது.

பெயர் மாறியபின் களிம்பு மாறியதா, வாங்குபவர் மனம் மாறியதா என்பதை உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியே கூறும்.

தோலின் கணக்கு

அறிவியல் ஆசிரியரை அழைத்து வந்து அடுத்த வகுப்பை நடத்தச் சொன்னேன். அவர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து விளக்கினார். தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் நிறமி உயிரணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்னும் நிறமியை உருவாக்கிச் சிறு சிறு பொதிகளாக அண்டை உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்த நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. மெலனினின் அளவும் வகையும், பொதிகளின் பருமனுமே வேறுபடுகின்றன.

மெலனின் எதற்கு? கதிரவனின் புறஊதாக் கதிரிலிருந்து உடலைக் காப்பதற்கு. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவுக்கும் மேலே குடைபோல் மெலனின் கவிந்து நின்று, மரபுப்பொருளைச் சேதமடையாமல் காக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் குடை பெரிதாகத் தேவைப்பட்டது. வெயில் குறைந்த வடபகுதிகளில் வைட்டமின் டி உண்டாவதற்கு ஒளி உள்ளே புகவேண்டியிருந்தது, குடை சிறுத்தது.

வரிக்குதிரைமீன் என்றொரு சிறுமீன் உண்டு. உடலில் கருங்கோடுகள் வெளிறிப்போன ஒருவகை மீனை ஆராய்ந்தபோது, அதற்குக் காரணமான மரபணுவை 2005இல் அறிவியலாளர் கண்டறிந்தனர். அதே மரபணு மனிதரிடமும் உள்ளது. ஐரோப்பியரின் வெளுத்த நிறத்துக்கு அதிலுள்ள ஒற்றை எழுத்து மாற்றம் ஒரு முக்கியக் காரணம். அம்மாற்றம் இந்தியரிலும் பலரிடம் காணப்படுகிறது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வு, ஐரோப்பியரிடமும் நம்மிடமும் உள்ள அம்மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று காட்டியது. ஒரே வீட்டில் அக்காள் ஒரு நிறமாகவும் தங்கை வேறு நிறமாகவும் பிறப்பது பெற்றோரின் மரபணுக்கள் வெவ்வேறாகக் கலந்து சேர்வதன் விளைவு. குங்குமப்பூவுக்கு அதில் பங்கு இல்லை.

அக்காள்

அப்போதுதான் என் மாணவி தன் அக்காளைப் பற்றிச் சொன்னாள். வகுப்பு முடிந்து எல்லோரும் சென்றபின், பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

அக்காள் கல்லூரியில் முதலாண்டு. வீட்டில் எல்லாரையும்விடக் கறுப்பு. புதன்கிழமைச் சந்தையில் ஒரு தோழி காட்டிய களிம்பை வாங்கினாள். குழாயில் செய்தவர் முகவரி இல்லை. என்னென்ன சேர்ந்துள்ளன என்னும் பட்டியலும் இல்லை. பத்தே நாளில் முகம் வெளுத்தது. வீட்டில் பாராட்டினர். இரண்டாம் மாதத்தில் கன்னங்கள் சிவந்தன; வெயிலில் நின்றால் எரிந்தது; சிறு கட்டிகள் தோன்றின. அஞ்சி நிறுத்தினாள். நிறுத்தியதும் எரிச்சல் இரட்டிப்பாயிற்று. ஆகவே மீண்டும் பூசினாள். கல்லூரிக்குத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போகிறாள். வீட்டுக்கு உறவினர் வந்தால் வெளியே வருவதில்லை.

நான் தாயாருடன் பேசினேன். அவர்கள் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மருத்துவர் குழாயைப் பார்த்ததுமே தலையசைத்தாராம். இத்தகைய களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருக்கும். முறையான நோய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் பூசவேண்டிய மருந்து அது. அழகுக்காக நாள்தோறும் பூசினால் தோல் மெலிந்து, நரம்புபோல் இரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். திடீரென நிறுத்தினால் முகம் பழிவாங்குவதுபோல் சிவந்து எரியும். இந்தத் தீங்கைத் தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்ததன் பயனாக, 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு ஆணையிட்டது. ஆணை மருந்துக்கடைக்கு உண்டு. சந்தைக் கூடைக்கு யார் சொல்வது?

சில களிம்புகளில் பாதரசம் இருக்கும். மெலனின் உருவாவதைத் தடுக்க வல்லது பாதரசம்; அதனால் நிறம் விரைவில் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 சூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பூசி வந்தது தெரியவந்தது. காலில் வீக்கமும் சிறுநீரில் நுரையும் அந்நோயின் அறிகுறிகள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர்.

“முகத்தில் பூசியது எப்படி டீச்சர் சிறுநீரகத்துக்குப் போகும்?” என்று கேட்டாள் என் மாணவி. தோல் சுவர் அன்று, சல்லடை என்றேன். அவள் அகராதியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டாள். அக்காளிடம் காட்டவேண்டுமாம்.

தீவும் திரையும்

நிறத்தோடு முடிவதில்லை, உடலின் பருமனும் இதே கணக்கில்தான் சேர்கிறது. பாரதியார் பாடிய கரும்புத் தோட்டங்கள் இருந்த ஃபிஜித் தீவை அறிவீர்கள். அங்குள்ள பழங்குடி மக்களிடையே பருத்த உடல் நலத்துக்கும் நல்ல குடும்பத்துக்கும் அடையாளம். விருந்தினரை ‘நன்றாக உண்ணுங்கள்’ என்று வற்புறுத்துவது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. அத்தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ மானிடவியலாளர், அது வந்த சில வாரங்களிலேயே அங்குப் பள்ளிப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். 1998இல் மீண்டும் நடத்தினார். உணவுப்பழக்கம் தீவிரமாகச் சீர்கெட்டிருப்பதைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் முதலில் 12.7 விழுக்காடு, மூன்றாண்டுக்குப்பின் 29.2 விழுக்காடு. எடை குறைப்பதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் பெண்கள் முதல் ஆய்வில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் ஆய்வில் 11.3 விழுக்காட்டினர் இருந்தனர். தொடர்களில் வந்த மெலிந்த பெண்களைப்போல் ஆகவேண்டும் என்றே பல பெண்கள் கூறினர்.

அது வீட்டுக்கு ஒரு பெட்டிகூட இல்லாத காலத்துத் தொலைக்காட்சி. இன்று திரை உள்ளங்கையில் உள்ளது. அதோடு அத்திரை உங்களையே உங்களுக்குக் காட்டுகிறது. அதுவும் திருத்திக் காட்டுகிறது. கன்னம் ஒடுங்கி, கண் விரிந்து, நிறம் ஓரிரு படி வெளுத்த முகத்தை நாள்முழுதும் பார்த்துவிட்டு, இரவில் கண்ணாடியில் உண்மை முகத்தைப் பார்ப்பவருக்கு அது வேற்றுமுகமாகத் தோன்றுகிறது.

திருத்தாத தற்படமும் உண்மை அன்று. கையை நீட்டி முகத்துக்கு அருகில் பிடித்து எடுக்கும்போது மூக்கு ஒளிப்படக்கருவிக்குக் காதைவிட மிக அருகில் இருக்கிறது. அருகிலுள்ளது பெரிதாகத் தெரியும். பன்னிரண்டு அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில், ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 விழுக்காடு மிகுந்து தெரியும் என்று 2018இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. தற்படத்தைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கித் தருமாறு மருத்துவரிடம் கேட்பவர்கள் பெருகியதால் செய்யப்பட்ட கணக்கு அது.

அவ்வாண்டின் பள்ளி ஆண்டுவிழா பிப்ரவரி இறுதியில் நடந்தது. என் மாணவி நாடகத்தில் பாஞ்சாலியாக நடித்தாள். ஒப்பனைக்கு வந்த பெண்மணி வெண்ணிறப் பூச்சைக் கையில் எடுத்தபோது, “பாஞ்சாலி கறுப்பு, வேண்டாம்” என்று பின்வரிசைப் பையன் குறுக்கிட்டதாக அறிந்தேன். அக்காளும் வந்திருந்தாள். கன்னங்களில் சிவப்பு இன்னும் அடங்கவில்லை. சிகிச்சை முடியச் சில மாதங்கள் ஆகும் என்றாள். துப்பட்டா கழுத்தில்தான் கிடந்தது.

“அந்த அகராதித் தாளைக் கொடுத்தாளா?” என்று கேட்டேன்.

“கொடுத்தாள் டீச்சர். அதைப் படித்தால் எரிச்சல் குறையுமா என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை” என்று சிரித்தாள்.

அதற்குள் தங்கை ஒப்பனையோடு ஓடிவந்து, கைப்பேசியை நீட்டி, எங்கள் மூவரையும் சேர்த்துப் படமெடுக்க முயன்றாள். அக்காள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“ஐந்தடி தள்ளி நின்று எடு. நம் வீட்டு மூக்கு ஏற்கெனவே பெரிது.”

சொல்லும் பொருளும்

மாமை – மாந்தளிர் நிறம், கருமை, அழகு
கவின் – அழகு
பசலை, பசப்பு – பிரிவுத் துயரால் மேனி வெளிறுதல்
பருவரல் – துன்பம்
களை – முகப்பொலிவு
காந்தல் – பாத்திரத்தின் அடியில் தீய்ந்து ஒட்டிய உணவு
தற்படம் – தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் நிழற்படம்

அறிந்துகொள்க

தொல்காப்பியர் காலத்தில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் சினத்தையும் குறித்தன, நிறத்தையும் குறித்தன. முகம் சிவந்தான் என்று இன்றும் சொல்கிறோம். கறுவினான் என்பதும் அவ்வழி வந்ததே. கருமை என்னும் பண்புப்பெயர் வேறு சொற்களோடு சேரும்போது பலவாறு மாறும்: கருமை + விழி = கருவிழி; கருமை + குயில் = கருங்குயில்; கருமை + அகில் = காரகில்.

பயிற்சி

1. மாணவி அகராதியில் அச்சுப்பிழை இருப்பதாகக் கருதியது ஏன்?
2. பசலை நோயாகக் கருதப்பட்டதற்கும், இன்று வெளுப்பு விரும்பப்படுவதற்கும் உள்ள முரணை உம் சொந்த நடையில் ஒரு பத்தியில் எழுதுக.
3. ‘ஆலும்’ ஈறு அமைந்த மூன்று தொடர்களை உம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்து எழுதுக. அவற்றுள் எவை ஒருவரைக் குறைத்துப் பேசுகின்றன என்பதைக் காட்டுக.
4. பிரித்து எழுதுக: கருங்கல், கருமுகில், கருங்கடல், கருமேகம்.
5. ஆசிரியை தாம் நெடுங்காலம் கற்பித்த பழமொழியைப் பற்றிக் கூறும் கருத்தை நீர் ஏற்கிறீரா? காரணம் கூறுக.
6. களிம்பின் பெயரை மாற்றியது போதுமானதா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.
7. உம் வீட்டிலுள்ள அழகுப்பொருள் ஒன்றின் உறையில் செய்தவர் முகவரி, சேர்மானப் பட்டியல், தயாரித்த நாள் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து எழுதிவருக.
8. உம் பாட்டியையோ அத்தையையோ பற்றி, நிறத்தையும் பருமனையும் குறிப்பிடாமல், படிப்பவர் கண்முன் அவர் தோன்றும்படி பத்து வரிகளில் எழுதுக. பின்னர் அதை அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் கூறியதையும் கீழே குறித்துக்கொள்க.